தாய்லாந்தின் 30 பாட் மருத்துவம்: பணம் எந்த வழியில் போகிறது?

கேள்வி இது: தாய்லாந்து பணக்கார நாடு இல்லை. இருந்தும் 2002 முதல் குடிமக்கள் எல்லோருக்கும் அரசு செலவில் சிகிச்சை கிடைக்கிறது என்கிறார்கள். அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? ஏழைக்கும் கிராமத்தாருக்கும் அது உண்மையிலேயே போய்ச் சேருகிறதா? எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறது?

முதலில் அந்த 30 பாட் (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) விஷயத்தைத் தள்ளி வைத்துவிடலாம். ஒரு முறை மருத்துவமனைக்குப் போனால் 30 பாட் கட்ட வேண்டும் என்ற தேர்தல் வாக்குறுதியால்தான் திட்டத்துக்கு இந்தப் பெயர் வந்தது. 2006 இறுதியில் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். 2012-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஏழைகள், முதியோர் உட்படப் பலருக்கு விலக்கு உண்டு. அந்த வசூலால் திட்டம் ஓடவும் இல்லை, அது நின்ற காலத்தில் திட்டம் படுக்கவும் இல்லை. திட்டத்தைத் தூக்கி நிறுத்தியவை இரண்டு: அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே கிராமப்புறங்களில் மருத்துவமனைகள் கட்டப்பட்டிருந்தன, அரசுப் பணம் கட்டடங்களின் பெயரில் போகாமல் மக்களின் தலைக்கணக்கில் போகத் தொடங்கியது. இந்த இரண்டாவதை எங்கெல்லாம் வளைத்தார்களோ, அங்கெல்லாம் இன்றும் சமமின்மை மிச்சம் இருக்கிறது.

2001-ல் நிலவரம் இப்படி இருந்தது. அரசு ஊழியர்களுக்கும் அவர்களின் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளுக்கும் தனித் திட்டம். தனியார் நிறுவனத் தொழிலாளர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு நிதி. ஏழைகளுக்கு 1975 முதல் இலவசச் சீட்டு. விவசாயிகள், சிறு வியாபாரிகள் போன்றோர் விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ள 1983-ல் தொடங்கிய ஒரு சுகாதார அட்டை. இத்தனைக்கும் பிறகு சுமார் 30 சதவீதம் பேருக்கு எதுவுமே இல்லை. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் சட்டைப்பையிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சுகாதார அட்டை தோற்ற கதை கவனிக்க வேண்டியது. ஒரு குடும்பம் ஆண்டுக்கு 500 பாட் கட்டினால் அரசும் தன் பங்காகத் தொகை சேர்த்தது. பின்னாளில் அரசின் பங்கு இரட்டிப்பாகியும் கணக்குக் கூடவில்லை. காரணம் எளிது. வீட்டில் ஒருவருக்கு நீரிழிவோ அறுவை சிகிச்சைத் தேவையோ இருந்த குடும்பங்கள் அட்டை வாங்கின. உடல் நலமாக இருந்தவர்கள் வாங்கவில்லை. விருப்பத்தின் பேரில் சேரும் எந்தக் காப்பீட்டிலும் இதுதான் நடக்கும். கட்டணத்தை உயர்த்தினால் நலமாக இருப்பவர்களில் இன்னும் சிலர் விலகுவார்கள், அதனால் மீண்டும் உயர்த்த வேண்டிவரும்.

எனவே 2001-ல் புதுத் திட்டத்தை வடிவமைத்தவர்கள் (முக்கியமானவர் டாக்டர் சங்குவான் நித்தயாரம்போங், கிராமப்புற மருத்துவராக வேலை பார்த்தவர், பிறகு திட்டத்தை நடத்தும் தேசிய சுகாதாரப் பாதுகாப்பு அலுவலகத்தின் முதல் பொதுச்செயலாளர்) மக்களிடம் மாதச் சந்தா வசூலிக்கும் யோசனையைக் கைவிட்டார்கள். உழைப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்றே கிடையாது. அவர்களிடம் வீடு வீடாக வசூலிக்க ஆள் போட்டால் வசூலில் பெரும்பகுதி வசூல் செலவுக்கே போய்விடும். பொது வரி வருவாயிலிருந்து ஆண்டுதோறும் பட்ஜெட்டில் ஒதுக்குவது என்று முடிவாயிற்று. மற்ற இரண்டு திட்டங்களிலும் இல்லாத எல்லோரும் தாமாகவே இதில் உறுப்பினர். 13 இலக்க அடையாள எண்ணே ஆதாரம். 2001 ஏப்ரலில் 6 மாகாணங்களில் தொடங்கி, ஓராண்டுக்குள் நாடு முழுக்கப் பரவியது. சட்டம் 2002 நவம்பரில் வந்தது.

ஓராண்டில் எப்படி முடிந்தது என்று வியக்கிறவர்கள் 1980-களைப் பார்க்க வேண்டும். 1982 முதல் 1986 வரையிலான ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் நகர மருத்துவமனைகளுக்கான புதிய கட்டுமான முதலீட்டை நிறுத்திவைத்து, அந்தப் பணத்தை வட்டார மருத்துவமனைகளுக்கும் கிராம சுகாதார நிலையங்களுக்கும் திருப்பினார்கள். மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் மூன்றாண்டு அரசுப் பணி, அதுவும் பெரும்பாலும் கிராமப்புறத்தில், செய்தாக வேண்டும் என்ற ஒப்பந்தம் அதற்கும் பத்தாண்டு முந்தையது. மீறினால் 4 லட்சம் பாட் அபராதம். அடிமட்டத்தில் லட்சக்கணக்கான கிராம சுகாதாரத் தொண்டர்கள். ஆக, புதுத் திட்டத்தின் அட்டை கைக்கு வந்தபோது அதைக் காட்ட ஓர் இடம் பக்கத்திலேயே இருந்தது. மருத்துவமனை 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில் இலவசச் சிகிச்சை அறிவித்தால், பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போகப் பயன் பெறுகிறவர் நகரத்துக்காரர்தான். சலுகை அறிவிப்பதை முதலிலும் மருத்துவமனை கட்டுவதைப் பிறகும் வைத்துக்கொண்ட நாடுகளில் இதைத்தான் பார்க்கிறோம்.

இனி பணப் பங்கீடு. கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

2002-ல் ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,202 பாட் என்று தலைக்கணக்குத் தொகை நிர்ணயித்தார்கள். பிற்காலத்தில் அது ஏறத்தாழ மூன்று மடங்கானது. தொகையைத் தலைவர்களின் மனப்போக்கில் முடிவு செய்வதில்லை: ஒருவர் ஆண்டுக்கு எத்தனை முறை புறநோயாளியாக வருகிறார், எத்தனை முறை உள்நோயாளியாகச் சேர்கிறார், ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு எவ்வளவு என்று பெருக்கிக் கூட்டி, அதை உறுப்பினர் எண்ணிக்கையால் பெருக்கி நிதி அமைச்சகத்தின் முன் வைப்பார்கள். பேரத்தில் குறைப்பார்கள்தான், ஆனால் எங்கே குறைத்தார்கள் என்பது எழுத்தில் தெரியும். இந்தக் கணக்கு இருப்பதாலேயே ஆட்சிக் கவிழ்ப்புகளைத் தாண்டியும் ஒதுக்கீடு பெருமளவு தாக்குப்பிடித்தது என்பது என் கணிப்பு.

முதல் ஆண்டில் ஊழியர் சம்பளமும் அந்தத் தலைக்கணக்கில் அடக்கம். அங்கேதான் சண்டை வெடித்தது. ஏன் என்று புரிய ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம் (எண்கள் விளக்கத்துக்காக மட்டும்). இரண்டு மாகாணங்கள், ஒவ்வொன்றிலும் 5 லட்சம் உறுப்பினர்கள், தலைக்கு 1,200 பாட். மாகாணத்துக்கு 60 கோடி வருகிறது. முதல் மாகாணம் மத்தியச் சமவெளியில். மருத்துவர்களும் செவிலியர்களும் நிறையப் பேர். சம்பளமே 45 கோடி, மருந்துக்கும் மற்றதற்கும் மிச்சம் 15 கோடி. இரண்டாவது வடகிழக்கில் ஈசான் பகுதியில்; ஆள் குறைவு; சம்பளம் 25 கோடி, மிச்சம் 35 கோடி. இது அப்படியே நின்றிருந்தால் முதல் மாகாணம் ஆட்களை இழந்திருக்கும், இரண்டாவது ஆட்களைச் சேர்த்திருக்கும். பங்கீட்டின் நோக்கமே அதுதான்.

ஆனால் ஆள் நிறைந்த மருத்துவமனைகள் எதிர்த்தன. சம்பளத்தை முதலிலேயே கழித்துவிட்டு, மீதத்தை மட்டும் தலைக்கணக்கில் பிரிப்பது என்று முறையை மாற்றினார்கள். நம் மாதிரியில் மொத்தம் 120 கோடி. சம்பளம் 70 கோடி கழிந்தால் 50 கோடி. மாகாணத்துக்கு 25 கோடி. இப்போது முதல் மாகாணத்துக்கு மொத்தம் 70 கோடி, இரண்டாவதுக்கு 50 கோடி. தலைக்கு 1,400 ஒரு பக்கம், 1,000 மறுபக்கம். தாளில் எல்லோருக்கும் ஒரே தலைக்கணக்கு. நிஜத்தில் ஆள் நிறைந்த இடத்துக்கே அதிகப் பணம். ஈசான் பகுதியில் ஒரு மருத்துவர் பார்க்க வேண்டிய மக்கள்தொகை பாங்காக்கைவிடப் பல மடங்கு என்ற பழைய கணக்கு முழுசாகக் கலையாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். எந்த நாட்டின் பங்கீட்டுச் சூத்திரத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: சம்பளம் சூத்திரத்துக்கு உள்ளேயா, வெளியேயா?

அந்தத் தலைக்கணக்கு மருத்துவமனைக்கு எப்படி வந்து சேர்கிறது? புறநோயாளி சிகிச்சைக்கு, பதிவுசெய்த மக்கள் எண்ணிக்கையை வயதுக்கேற்பச் சரிசெய்து முன்கூட்டியே தருகிறார்கள். வாங்குவது வட்டார மருத்துவமனையும் அதன் கீழுள்ள சுகாதார நிலையங்களும் சேர்ந்த ஒரு கூட்டு அலகு. பணம் முன்பே கையில் இருப்பதால், தேவையில்லாத பரிசோதனை எழுதி வருமானம் பார்க்க வழியில்லை. ஆனால் இதற்கு எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு: செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் பணம் மிச்சம். அதற்காகத்தான் புகார் தெரிவிக்க 1330 என்ற தொலைபேசி எண்ணும், நிர்வாகக் குழுவில் மக்கள் அமைப்புகளின் ஐந்து பிரதிநிதிகளும், சிகிச்சையில் கெடுதி நேர்ந்தால் யார் தவறு என்று நிரூபிக்காமலே இழப்பீடு தரும் சட்டத்தின் 41-ஆம் பிரிவும் இருக்கின்றன. இழப்பீட்டின் உச்சவரம்பு 2012-ல் 4 லட்சம் பாட் ஆனது.

உள்நோயாளிக்கு வேறு முறை. ஒவ்வொரு நோய்வகைக்கும் ஓர் எடை உண்டு, டி.ஆர்.ஜி. என்று சொல்வார்கள். சாதாரண பிரசவத்துக்குக் குறைந்த எடை, இதய அறுவை சிகிச்சைக்குப் பெரிய எடை. மொத்தப் பணத்துக்கு மேல்வரம்பு போட்டு, எடைகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு புள்ளியின் மதிப்பு கிடைக்கும். 100 கோடி பாட், 1 லட்சம் புள்ளி என்றால் புள்ளிக்கு 10,000. அடுத்த ஆண்டு அதே 100 கோடிக்கு 1.25 லட்சம் புள்ளி வந்தால் புள்ளிக்கு 8,000. ஒன்றரைப் புள்ளி எடையுள்ள அறுவை சிகிச்சைக்கு 15,000 வாங்கிய மருத்துவமனை இப்போது 12,000 வாங்கும். நூலும் மயக்க மருந்தும் விலை குறைந்திருக்காது. அரசுக்குச் செலவு கட்டுக்குள் நிற்கிறது, நட்டம் மருத்துவமனையின் கணக்குக்கு நகர்கிறது. பொது சுகாதார அமைச்சக மருத்துவமனைகள் பலவும் அவ்வப்போது பற்றாக்குறையில் தள்ளாடுவதன் காரணங்களில் இது ஒன்று. நோயின் சிக்கலைக் கூட்டிக் காட்டிக் குறியீடு எழுதும் சபலமும் இங்கேதான் பிறக்கிறது. அதனால் நோயாளிக் கோப்புகளைத் தணிக்கை செய்யாமல் இந்த முறையை நடத்தவே முடியாது.

நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் நீண்ட காலம் இருந்த வழி இது (2024-ல் தொடங்கிய மாற்றத்தைக் கடைசியில் பார்ப்போம்). பதிவான சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே பெரும்பாலும் செவிலியர்தான் இருப்பார், மருத்துவர் இருக்க மாட்டார். தேவைப்பட்டால் வட்டார மருத்துவமனை, அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு மாகாண மருத்துவமனை. கடிதம் இல்லாமல் நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போனால், அவசர நிலை தவிர, செலவு நம்முடையதாக இருந்தது. உயிருக்கு ஆபத்தான அவசர நிலை என்றால் 2017 முதல் தனியார் உட்பட எந்த மருத்துவமனையும் 72 மணி நேரம் பணம் கேட்காமல் பார்க்க வேண்டும். வசதியுள்ளவர்கள் இந்தப் படிவரிசையிலும் காத்திருப்பிலும் பொறுமை இழந்து தனியாரிடம் போய்விடுகிறார்கள். யாரையும் வருமானம் கேட்டு ஒதுக்காமலே, கிராமத்து வட்டார மருத்துவமனையில் செலவாகும் வரிப்பணம் பெரும்பாலும் ஏழைகளையே சேர்வது இப்படித்தான். நோயாளியின் சட்டைப்பைச் செலவு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருக்கிறது.

எதைத் திட்டத்தில் சேர்ப்பது என்பதிலும் ஒழுங்கு உண்டு. புதிய மருந்தையோ சிகிச்சையையோ சேர்க்கும் முன் அதன் செலவையும் பயனையும் ஆராய 2007-ல் தொடங்கிய ஒரு மதிப்பீட்டு அமைப்பு இருக்கிறது. முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஓர் ஆண்டைக் கூட்ட 1,60,000 பாட்டுக்குள் ஆகுமானால் சேர்க்கலாம் என்பது பொதுவான அளவுகோல். விலை கட்டாதபோது அரசு முரட்டுத்தனமாகவும் நடந்திருக்கிறது: 2006 நவம்பரிலும் 2007 ஜனவரியிலும் எச்.ஐ.வி. மருந்துகளான எஃபாவிரென்ஸ், லோபினாவிர்-ரிடோனாவிர், இதய நோய்க்கான குளோபிடோக்ரெல் ஆகியவற்றுக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் சம்மதம் இல்லாமலே மலிவு வடிவத்தைப் பயன்படுத்தும் அரசு உத்தரவு) பிறப்பித்தது.

அளவுகோலை மீறிச் சேர்த்த சிகிச்சை சிறுநீரகச் செயலிழப்புக்கான டயாலிசிஸ். தொடக்கத்தில் இது திட்டத்தில் இல்லை. குடும்பங்கள் நிலத்தை விற்றுச் சிகிச்சை பார்த்தன. 2008-ல் சேர்த்தபோது, வயிற்றுவழி டயாலிசிஸே முதல் தேர்வு என்று வைத்தார்கள். நோயாளி வீட்டிலேயே, ஒரு நாளைக்கு நான்கு முறை, சுமார் 2 லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்து, புதுப் பையை மாற்ற வேண்டும். திரவப் பைகளைத் தபால் துறை வீட்டுக்கே கொண்டுவந்து போட்டது. கையைச் சரியாகக் கழுவாவிட்டால் வயிற்று உறையில் தொற்று வரும். அதுதான் இதன் பெரிய ஆபத்து. இருந்தாலும் இயந்திர டயாலிசிஸ் மையம் நகரத்தில் மட்டும் இருக்கும் நாட்டில், வாரம் இரண்டு மூன்று முறை பயணம் செய்ய முடியாத விவசாயிக்கு இது ஒன்றே எட்டும் சிகிச்சை. 2022 பிப்ரவரியில் எந்த முறை வேண்டுமென்று நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்று மாற்றினார்கள். இயந்திர டயாலிசிஸுக்கு ஓடியவர்கள் ஏராளம், செலவு எகிறியது, வீட்டுமுறை சுருங்கியது. தேர்வுரிமை நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மையங்கள் ஊரெங்கும் பரவுவதற்கு முன் அதைக் கொடுத்ததால், உரிமையை முழுசாகப் பயன்படுத்த முடிந்தவர்கள் மையத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள்தான்.

பெரிய ஓட்டை மூன்று திட்டங்களும் தனித்தனியாக நிற்பது. அரசு ஊழியர் திட்டத்தில் சுமார் 50 லட்சம் பேர். புறநோயாளி சிகிச்சையில் செய்யச் செய்யப் பணம். தலைக்கு ஆகும் செலவு 30 பாட் பொதுத் திட்டத்தைவிடச் சில மடங்கு. இரண்டுக்கும் பணம் அதே வரி. ஒரே வார்டில் ஒருவருக்கு விலை உயர்ந்த பிராண்டு மருந்தும் பக்கத்துக் கட்டிலுக்கு அடிப்படைப் பட்டியல் மருந்தும் எழுதப்படுவது இதனால்தான். தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு நிதியோ பிரச்சினையைப் பொதுத் திட்டத்தின் பக்கம் தள்ளுகிறது. அது தொழிலாளியை மட்டும் பார்க்கும். அவர் மனைவி, பிள்ளைகள் பொதுத் திட்டத்தில். அறுபதைத் தாண்டி வேலையை விட்டதும் பெரும்பாலானோர் பொதுத் திட்டத்துக்கே வருகிறார்கள். நலமாக உழைக்கும் வயதில் ஒரு நிதி, நோய் சேரும் வயதில் வேறொரு நிதி. அதே சமயம் சம்பளத்தில் பிடித்தம் கொடுக்கும் தொழிலாளிக்குப் பல் சிகிச்சைக்குப் பல ஆண்டுகள் ஆண்டுக்கு 900 பாட் வரம்பு இருந்தது. பிடித்தமே இல்லாத பொதுத் திட்டத்தில் அந்த வரம்பு இல்லை. இருபது ஆண்டுகளாக மூன்றையும் ஒன்றாக்கப் பேசுகிறார்கள். சலுகையை இழக்கப்போகும் அரசு ஊழியர்கள்தான் அதற்கான அரசுக் கோப்புகளையும் எழுதுகிறவர்கள் என்பதால் நகரவில்லை.

அடுத்த ஓட்டை 13 இலக்க எண் இல்லாதவர்கள். 2002 சட்டத்துக்குப் பொருள் சொன்னபோது குடியுரிமை உள்ளவர்களுக்கே உரிமை என்றாயிற்று. எல்லைப்புற மலைச் சமூகங்களில் பல லட்சம் பேர் நேற்றுவரை இலவசச் சீட்டு வைத்திருந்து இன்று இழந்தார்கள். 2010 மார்ச்சில் அமைச்சரவை அவர்களில் சுமார் 4.5 லட்சம் பேருக்குத் தனி நிதி ஒதுக்கியது. மியான்மர், கம்போடியா, லாவோஸ் தொழிலாளர்களுக்கு வேலைவாய்ப்பைப் பொறுத்துத் தொழிலாளர் நிதி அல்லது கட்டணம் கட்டும் தனிக் காப்பீடு. ஆவணம் இல்லாதவர்களும் கட்ட முடியாதவர்களும் வந்தால் எல்லைப்புற மருத்துவமனைகள் பார்த்துவிட்டு, செலவைத் தம் கணக்கில் ஏற்றிக்கொள்கின்றன.

வியப்பாக இருக்கும், தலைநகரமும் ஓர் ஓட்டைதான். பாங்காக்கில் வட்டார மருத்துவமனை, சுகாதார நிலையம் என்ற அந்த அடுக்கு மெலிதாக இருப்பதால் தனியார் கிளினிக்குகளோடு ஒப்பந்தம் போட்டார்கள். நோய்த்தடுப்புப் பரிசோதனைக்கு மட்டும் செய்யச் செய்யப் பணம் என்று வைத்திருந்தார்கள். வராத ஆளின் எடையும் ரத்தச் சர்க்கரையும் எழுதிப் பணம் வாங்கியது கண்டுபிடிக்கப்பட்டு, 2020-ல் ஏராளமான கிளினிக்குகளின் ஒப்பந்தம் ரத்தானது. அங்கே பதிவாகியிருந்த லட்சக்கணக்கானோர் சர்க்கரை மாத்திரைக்கும் பரிந்துரைக் கடிதத்துக்கும் எங்கே போவதென்று அலைந்தார்கள்.

இப்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. 2022 அக்டோபர் முதல் 3,000-க்கும் மேற்பட்ட சுகாதார நிலையங்கள் மாகாண உள்ளாட்சி அமைப்புகளின் கீழ் போய்விட்டன. ஆனால் தலைக்கணக்குப் பணம் இன்னமும் வட்டார மருத்துவமனை வழியாகவே பிரிவதால், நிலையத்தின் பங்கு எவ்வளவு, மருந்தை யார் தருவது என்று இழுபறி. மற்றொன்று 2024 ஜனவரியில் பிரே, ரோய் எட், பெட்சபுரி, நரதிவாட் ஆகிய 4 மாகாணங்களில் தொடங்கிய 'எங்கும் சிகிச்சை' மாற்றம். அடையாள அட்டையோடு எந்த மருத்துவமனைக்கும் போகலாம் என்பது நகரத்துக்கு வேலை தேடி வந்தவருக்குப் பெரிய வசதி. ஆனால் அவர் பெயரில் சொந்த ஊர் மருத்துவமனை முன்பணம் வாங்கியிருக்கிறது. அதிலிருந்து கழித்து நகர மருத்துவமனைக்குக் கொடுத்தால், செவிலியருக்கும் மருந்து இருப்புக்கும் அந்தப் பணத்தை நம்பியிருந்த கிராமத்து மருத்துவமனை மெலியும். கழிக்காமல் மேலும் பணம் ஒதுக்கினால் பட்ஜெட் தாங்க வேண்டும். எந்த மாகாணத்திலிருந்து எந்த மாகாணத்துக்கு எவ்வளவு தொகை கழிக்கப்படுகிறது என்ற பட்டியலை மாதந்தோறும் வெளியிட்டால், ஈசான் மருத்துவமனைகள் எவ்வளவு இழக்கின்றன என்பது அந்த மருத்துவமனைகள் கடனில் விழுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.